பெயர் சொல்லாத பரிவு

லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு வெள்ளைப் பனியன். 1985 ஜூலை 13, சனிக்கிழமை மாலை, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 72,000 பேரை குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரி ஆட்டிவைத்த அந்த 21 நிமிடம். 2018-இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படம் அதையே உச்சக்காட்சியாக்கியது. திரையில் அவர் பாடப் பாட நன்கொடைத் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. பார்த்த பிள்ளைகள் கண்கலங்கினார்கள். 2025-இல் நாற்பதாம் ஆண்டு வந்தபோது ஆவணப்படங்கள் அதே காட்சியை மறுபடி ஓட்டின. ஆனால் எந்த நாட்டுக்காகப் பாடினார்கள், அந்த நாட்டை அப்போது ஆண்டது யார், அங்கே சாவு எந்த வழியாக வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. நாற்பது ஆண்டில் வந்த மறதி இல்லை இது. அன்றைக்கே அந்தக் கேள்விகளுக்கு மேடையில் இடம் தரப்படவில்லை.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன்.

அவர்கள் சொல்வது இது. 1984 அக்டோபர் 23 அன்று பிபிசி செய்தியில் மைக்கேல் பியூர்க்கின் அறிக்கை வந்தது. வட எத்தியோப்பியாவின் கோரெம் ஊரில் விடியற்காலைக் குளிரில் ஆயிரக்கணக்கானோர் சுருண்டு கிடந்ததை முகமது அமீனின் கேமரா காட்டியது. அதைப் பார்த்த ஐரிஷ் பாடகர் பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூரோடு சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு எழுதினார். நவம்பர் 25 அன்று பிரிட்டனின் முன்னணிப் பாடகர்கள் பேண்ட் எய்ட் என்ற பெயரில் கூடி ஒரே நாளில் அதைப் பதிவு செய்தார்கள். அந்த இசைத்தட்டுக்கு விற்பனை வரியைத் தள்ளுபடி செய்ய மறுத்த தாட்சர் அரசு கடைசியில் அந்தத் தொகையைத் திருப்பித் தர நேர்ந்தது. எட்டு மாதத்துக்குள் லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் 16 மணி நேர நேரலைக் கச்சேரி. 150 நாடுகளில் 150 கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாக அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். கலைஞர்கள் சம்பளம் வாங்கவில்லை. பேண்ட் எய்ட் அறக்கட்டளை பல ஆண்டுகளில் திரட்டிய மொத்தத் தொகை சுமார் 15 கோடி பவுண்டு. அரசுகள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டுக்காரர்கள் சோறு அனுப்பினார்கள்; திண்ணையில் உட்கார்ந்து நொட்டை சொல்வது எளிது; அந்தப் பணத்தால் பிழைத்த ஒரு குழந்தையிடம் போய் உன் குறையைச் சொல். இதுதான் அவர்கள் வாதம். வலுவான வாதம்.

நான் எதைச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். பணம் சுருட்டப்பட்டது என்று நான் சொல்லவில்லை. 2010-இல் பிபிசி உலக சேவை ஒலிபரப்பிய ஓர் அறிக்கை, திக்ரே பகுதி கிளர்ச்சியாளர்கள் நிவாரணப் பணத்தை ஆயுதமாக்கியதாகச் சொன்னது. அது பேண்ட் எய்ட் பணம்தான் என்ற எண்ணத்தை உண்டாக்கியதற்கு ஆதாரமில்லை என்று ஒப்புக்கொண்டு அதே ஆண்டு பிபிசி மன்னிப்புக் கேட்டது. கலைஞர்கள் விளம்பரத்துக்கு ஏறினார்கள் என்றும் சொல்லவில்லை. நோக்கத்தைத் தோண்டுவது வீண்வேலை. சூடானில் லாரி முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து வாடகையை ஏற்றியபோது பேண்ட் எய்ட் தானே லாரிகளை வாங்கி ஓட்டியது. அது சாமர்த்தியம், மனப்பூர்வமான சாமர்த்தியம். பணம் ஒழுங்காகப் போனது, மனம் சுத்தமாக இருந்தது என்று முழுக்க ஒப்புக்கொண்ட பிறகும் என் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. ஒரு அரசு போர்க்கருவியாகப் பயன்படுத்திய பட்டினியை லைவ் எய்ட் உலகத்துக்கு மழையின் குற்றமாகக் காட்டியது. பரிவு காட்டியது, காரணமானவரின் பெயரைச் சொல்லவில்லை. அந்த விடுபடலுக்கு விலை இருந்தது, எத்தியோப்பியர்கள் கொடுத்தார்கள்.

இனி ஒவ்வொன்றாக.

1. "மழை பொய்த்தது, மக்கள் மாண்டார்கள்."

மழை குண்டு போடுமா? 1984-இல் எத்தியோப்பியாவை ஆண்டது டெர்க் என்ற ராணுவக் குழு. அதன் தலைவர் மெங்கிஸ்டு ஹைலே மரியாம். வடக்கே எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணியோடும் திக்ரே மக்கள் விடுதலை முன்னணியோடும் அந்த அரசு பல ஆண்டுகளாகப் போரில் இருந்தது. பஞ்சம் மிகக் கடுமையாக இருந்த திக்ரே, எரித்திரியா, வட வொல்லோ ஆகிய பகுதிகளை வரைபடத்தில் குறியுங்கள். போர் நடந்த பகுதிகளை அதன்மேல் வரையுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். மேகம் படைமுகாம்களைப் பார்த்தா ஒதுங்கும்?

ஏழைக் குடியானவர் மோசமான ஆண்டைத் தாண்டுவது எப்படி என்று யோசித்தால் போரின் வேலை விளங்கும். விளைச்சல் குறைந்தால் மாட்டை விற்பார். சந்தையில் தானியம் வாங்குவார். கூலி கிடைக்கும் ஊருக்கு நடந்துபோய் நாலு மாதம் வேலை பார்த்துத் திரும்புவார். திக்ரேக்காரர்கள் காலங்காலமாக இப்படித்தான் பிழைத்தார்கள். டெர்க் இந்த மூன்று வழிகளையும் அடைத்தது. பகலில் சந்தை கூடினால் விமானப்படை தாக்கும் என்ற நிலையில் சந்தைகள் இரவுக்கு மாறின. வியாபாரிகளின் நடமாட்டத்துக்குத் தடை. ஊர்விட்டு ஊர் போக அனுமதிச்சீட்டு. படை நகரும்போது தானியமும் மாடும் பறிபோயின. போரில்லாத பகுதிகளிலோ, அரசின் கொள்முதல் நிறுவனம் தான் வைத்ததே விலை என்று தானியத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டது. இவ்வளவும் நடந்து முடிந்த நிலத்தின்மேல்தான் 1984 வறட்சி வந்து இறங்கியது. அலெக்ஸ் டி வால் 1991-இல் 'ஆப்பிரிக்கா வாட்ச்' அமைப்புக்காக எழுதிய விரிவான ஆய்வு இதை வட்டாரம் வட்டாரமாக நிறுவியது. அவருடைய கணக்கில் குறைந்தது 4 லட்சம் பேர் இறந்தார்கள். பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 10 லட்சம்.

இல்லை, வறட்சிதான் காரணம் என்று அடம்பிடிப்பவருக்கு இன்னொரு ஆண்டைக் காட்டுகிறேன். 2015–16-இல் எல் நினோவால் எத்தியோப்பியாவில் பல பத்தாண்டுகளில் காணாத வறட்சி. ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு உணவுதவி தேவைப்பட்டது. 1984 போன்ற கொத்துச்சாவு நிகழவில்லை. அப்போது வடக்கே போர் இல்லை. 2005 முதல் வேலைக்கு உணவும் பணமும் தரும் பாதுகாப்புத் திட்டம் ஒன்று நடப்பில் இருந்தது. அதே வானம்தான், அதே மண்தான். ஆட்சி நடந்துகொண்ட விதம் வேறு.

2. "யாருக்குமே தெரியாதிருந்தது, அந்தச் செய்தியும் அந்தக் கச்சேரியும்தான் உலகத்துக்குச் சொன்னது."

தெரியவேண்டிய எல்லோருக்கும் தெரியும். எத்தியோப்பிய அரசின் நிவாரண ஆணையமே 1984 தொடக்கத்தில் லட்சக்கணக்கானோர் ஆபத்தில் இருப்பதாக நன்கொடை நாடுகளிடம் எச்சரித்தது. மேற்கு நாடுகள் அசையவில்லை. மெங்கிஸ்டு மாஸ்கோவின் ஆள் என்பது அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம். ஐரோப்பாவின் கிடங்குகளில் உபரித் தானியம் குவிந்து கிடந்தது. அடிஸ் அபாபாவிலோ அதே ஆண்டு செப்டம்பரில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா. நகரெங்கும் வளைவுகள், சிவப்புக் கொடிகள், வெளிநாட்டு விருந்தினர்கள். விழா முடியும்வரை பஞ்சப் பேச்சு அடக்கி வாசிக்கப்பட்டது.

இதில் ஒரு கொடுமையான பழைய கணக்கும் உண்டு. 1973-இல் வொல்லோ பஞ்சத்தைப் பேரரசர் ஹைலே செலாசியின் அரசு மூடி மறைத்தது. ஜோனதன் டிம்பிள்பி எடுத்த பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் படம் அதை அம்பலப்படுத்தியது. 1974 செப்டம்பரில் பேரரசரைப் பதவியிறக்கியதற்கு முந்தைய இரவு, ராணுவக்காரர்கள் அந்தப் படத்தையே அரண்மனை விருந்துக் காட்சிகளோடு ஒட்டுப்போட்டு எத்தியோப்பியத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதாவது, டெர்க் ஆட்சிக்கு வந்ததே ஒரு பஞ்சப் படத்தைத் திரையில் ஓட்டித்தான். பத்தாண்டு கழித்து அதே வொல்லோவில் தன் பஞ்சத்தை அது மறைத்தது.

பொருளாதாரம் தெரிந்தவர்களுக்கும் சேதி புதிதில்லை. அமர்த்தியா சென் 'வறுமையும் பஞ்சங்களும்' நூலை 1981-இலேயே வெளியிட்டிருந்தார். அவர் எடுத்து ஆராய்ந்தவற்றில் ஒன்று இந்த 1973 வொல்லோ பஞ்சம். மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது வொல்லோவிலிருந்து உணவு வெளியே போனதையும் அவர் காட்டினார். உணவு இல்லாததற்கும், இருக்கும் உணவை அடைய வழியில்லாததற்கும் உள்ள வேறுபாட்டை அந்த நூல் எழுதிவைத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வெம்ப்ளியில் கித்தார் மீட்டினார்கள். அறியாமை என்ற சாக்கு செல்லாது.

3. "எது எப்படியோ, பணம் உயிர் காத்தது."

காத்தது. எவ்வளவு, எப்போது, வேறென்ன செய்தது என்று கேட்கக்கூடாதா? கச்சேரி நடந்த ஜூலையில் பஞ்சத்தின் மிக மோசமான மாதங்கள் கடந்துவிட்டிருந்தன. நிவாரணத்தின் பெரும்பங்கைத் தந்தவை அரசுகள்; கச்சேரிப் பணம் அதில் ஒரு சிறு பகுதி. அரசுகளைத் தரவைத்ததே மக்களின் கொந்தளிப்புதான் என்பார்கள். அதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்தக் கொந்தளிப்பு எதைக் கேட்டது? தானியம் கேட்டது. போரை நிறுத்து என்று கேட்கவில்லை. முற்றுகையிட்ட ஊர்களுக்கு வழி விடு என்று கேட்கவில்லை. கேள்வி அவ்வளவோடு நின்றதால் மெங்கிஸ்டுவுக்கு இரட்டை லாபம்.

நிவாரணத்தின் பெரும்பகுதி அவருடைய துறைமுகம், அவருடைய சாலை, அவருடைய படை நின்ற ஊர்கள் வழியாகத்தான் போயிற்று. உதவி அமைப்புகள் கொண்டுவந்த டாலரை ஒன்றுக்கு 2.07 பிர் என்ற செயற்கையான அரசு விலைக்கே மாற்ற வேண்டும். அரசுக்கு அந்நியச் செலாவணி. அரசுக் கட்டுப்பாட்டிலிருந்த ஊரில் கஞ்சித்தொட்டி வைத்தால் கிளர்ச்சிப் பகுதி மக்கள் அங்கே வந்து சேர்வார்கள். ஆளில்லாத நிலத்தில் கிளர்ச்சிக்காரர் என்ன செய்வார்? வந்து சேர்ந்தவர்களுக்கோ அடுத்த ஆபத்து காத்திருந்தது: கட்டாயக் குடியேற்றம்.

வடக்கில் உள்ளவர்களைத் தென்மேற்கின் வளமான பகுதிகளில் குடியமர்த்துகிறோம் என்று அரசு சொன்னது. சுமார் 6 லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். பலரைத் துப்பாக்கி முனையில் பிடித்தார்கள். கணவன் ஒரு வண்டியில், மனைவி ஒரு வண்டியில். பிரிட்டிஷ் விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானங்கள் தானியம் கொண்டுவந்த அதே வானத்தில், சோவியத் அன்டோனோவ் விமானங்கள் மனிதர்களை மூட்டைபோல் அடைத்துக்கொண்டு தெற்கே பறந்தன. பிரான்சின் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, இந்தக் குடியேற்றத்தில் ஒரு லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டு வெளிப்படையாகக் கண்டித்தது. 1985 டிசம்பரில் அரசு அதை நாட்டைவிட்டே வெளியேற்றியது. மற்ற அமைப்புகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டன. பேசினால் நம்மையும் அனுப்பிவிடுவார்கள், அப்புறம் யார் சோறு போடுவது என்பது அவர்கள் நியாயம். அந்த நியாயத்துக்கு லைவ் எய்ட் உலகளாவிய ஆசி வழங்கியது. பசித்தவருக்குச் சோறு போடுவதே முழு அறம், மற்றதெல்லாம் அரசியல் என்று கோடிக்கணக்கானோருக்குப் பாடம் நடத்தி முடித்திருந்தது.

4. "குரலற்ற ஆப்பிரிக்காவுக்குக் குரல் கொடுத்தார்கள்."

யாருடைய குரலை? லண்டனும் ஃபிலடெல்ஃபியாவும் பிரதான மேடைகள். ஆஸ்திரேலியா, ஜப்பான், யுகோஸ்லாவியா, மாஸ்கோவிலிருந்துகூட இசை இணைக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மேடை இல்லை. எத்தியோப்பியாவின் பங்கு ஒரு காணொளி: டேவிட் போவி தன் பாட்டொன்றை விட்டுக்கொடுத்து ஓடவிட்ட, கனடியத் தொலைக்காட்சி எடுத்த, சாகும் குழந்தைகளின் காணொளி. பின்னணியில் ஓர் அமெரிக்கக் குழுவின் காதல் பாட்டு. அந்தக் குழந்தைகளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவர்களைப் பற்றிப் பேச ஓர் எத்தியோப்பிய மருத்துவர் இல்லை, ஆசிரியர் இல்லை, அகதி இல்லை. ஈ மொய்க்கும் முகமாக மட்டும் ஒரு நாடு உலகத்துக்கு அறிமுகமானது.

எல்லாவற்றுக்கும் வித்திட்ட அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டின் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் தெரியுமா என்று கேட்டது அது. எத்தியோப்பிய அரசு நான்காம் நூற்றாண்டிலேயே கிறித்தவத்தைத் தழுவியது. இங்கிலாந்து அப்போது அந்தப் பக்கம் வந்திருக்கவே இல்லை. பஞ்சம் பாதித்த அதே வொல்லோ பகுதியில்தான் ஒரே பாறையில் குடைந்த லாலிபெலா தேவாலயங்கள் இருக்கின்றன. ஜனவரி 7-இல் அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாட வெள்ளை ஆடையில் யாத்திரிகர்கள் திரள்வார்கள். அந்தப் பாட்டு எதுவுமே விளையாத, ஆறே ஓடாத தேசத்தைப் பாடியது. நீல நைல் தானா ஏரியில் புறப்பட்டு எகிப்து வரை சோறு போடுவதோ இந்த நாட்டிலிருந்து. இது எழுத்துப் பிழை இல்லை, தேவை. மழை, ஆறு, வரலாறு, அரசு, எதிர்ப்பு எல்லாம் உள்ள நாடு என்று காட்டினால், பின்னே ஏன் பட்டினி என்ற கேள்வி வரும். வெறும் பாலைவனம் என்று காட்டிவிட்டால் கேள்வியே எழாது.

பாடம் படித்தார்களா? 2005-இல் லைவ் 8 வந்தது. ஆப்பிரிக்காவுக்கான கச்சேரி என்றார்கள்; ஆப்பிரிக்கக் கலைஞர்கள் பெரும்பாலோருக்கு லண்டன் ஹைட் பார்க்கில் இடமில்லை. பீட்டர் கேப்ரியல் அவர்களுக்காகத் தொலைதூரக் கார்ன்வாலில் தனி மேடை ஏற்பாடு செய்தார். 2014-இல் எபோலாவுக்காகப் பழைய பாட்டையே வரி மாற்றிப் பாடினார்கள். கானா வம்சாவளிப் பாடகர் ஃப்யூஸ் ஓடிஜி அந்த வரிகளைப் படித்துவிட்டுப் பாட மறுத்தார்.

5. "அரசியல் பேசியிருந்தால் நிகழ்ச்சியே நடந்திருக்காது."

நடந்திருக்கிறது, அதற்கு முன்பும் பின்பும். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரிக்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'பங்களாதேஷுக்கான கச்சேரி.' அமெரிக்கா அங்கீகரிக்காத நாட்டின் பெயர் அது. அந்த மக்களைக் கொன்றுகொண்டிருந்த பாகிஸ்தான் ராணுவ ஆட்சிக்கு நிக்சன் அரசு துணைநின்றுகொண்டிருந்த வேளையில், நியூயார்க் நடுவே அந்தப் பெயரை எழுதி டிக்கெட் விற்றார்கள். பணக் கணக்கில் அந்தக் கச்சேரி குளறுபடி. வருமானம் வரித்துறையில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டது. ஆனால் மக்கள் ஏன் அகதிகளானார்கள் என்பதைத் தலைப்பே சொல்லிவிட்டது.

பின்பு நடந்தது இன்னும் தெளிவானது. 1988 ஜூன் 11, அதே வெம்ப்ளி. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாள் கச்சேரி. அதுவும் பல நாடுகளுக்கு நேரலை. அங்கே ஒரு கைதியின் பெயர் இருந்தது, ஒரு ஆட்சியின் பெயர் இருந்தது, ஒரு கோரிக்கை இருந்தது. அமெரிக்காவில் ஒளிபரப்பிய நிறுவனம் அரசியல் பகுதிகளை வெட்டியது. ஆனாலும் கச்சேரி நடந்தது, கூட்டம் வந்தது, வானம் இடிந்துவிடவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான சாட்சி லைவ் எய்ட் மேடையிலேயே ஏறியது. ஃபிலடெல்ஃபியாவில் பாப் டிலன், இந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, அடமானக் கடனில் தத்தளிக்கும் அமெரிக்க விவசாயிகளுக்கும் தரலாமே என்ற பொருளில் இரண்டு வாக்கியம் சொன்னார். கெல்டாஃபுக்கு அது பிடிக்கவில்லை. இடம் பொருள் ஏவல் தெரியாத பேச்சு என்று கருதினார். ஆனால் அந்த இரண்டு வாக்கியம் என்ன செய்தது? பத்தே வாரத்தில், செப்டம்பர் 22 அன்று, வில்லி நெல்சனும் நண்பர்களும் இல்லினாய் மாநிலத்தில் 'ஃபார்ம் எய்ட்' கச்சேரி நடத்தினார்கள். கடன், வட்டி, ஜப்தி என்று பேசினார்கள். விவசாயிகளை நாடாளுமன்றத்தில் சாட்சி சொல்ல வைத்தார்கள். 1987-இல் வேளாண் கடன் சட்டம் வந்தது. அமெரிக்க விவசாயி நொடித்தால் வங்கியைக் கேட்கலாம், சட்டத்தைக் கேட்கலாம். எத்தியோப்பிய விவசாயி செத்தால் மட்டும் அண்ணாந்து வானத்தைப் பார்க்க வேண்டுமா? அவரும் விவசாயிதானே, அவருடைய தானியத்தையும் ஒருவர் விலை வைத்துப் பறித்தாரே.

6. "ஒரு தலைமுறையின் மனசாட்சியை எழுப்பியது."

லண்டனின் மனசாட்சி எழுந்தது அதுவே முதல்முறையா? தமிழ்நாட்டு நினைவில் அழியாத தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் வைசிராய் லிட்டன் தர்பார் நடத்தினார். நிவாரணப் பணியில் மண் சுமந்தவர்களுக்குக் கூலியாக ஒரு பவுண்டு தானியம் போதும் என்று அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். தானியம் ரயிலேறித் துறைமுகம் போய்க்கொண்டிருந்தது. சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபு லண்டனுக்கு முறையிட, மேன்ஷன் ஹவுஸ் நிதியில் லட்சக்கணக்கான பவுண்டு குவிந்தது. தந்தவர்கள் நல்லவர்கள், அவர்கள் பணத்தால் நம் முன்னோர் சிலர் பிழைத்தும் இருப்பார்கள். அதற்காக, பஞ்சத்தைக் கொத்துச்சாவாக்கிய ஏற்றுமதிக் கொள்கையையும் கூலிக் குறைப்பையும் நாம் மன்னித்துவிட்டோமா? லண்டன் தர்மம் செய்தது என்று மட்டுமா பாடப்புத்தகத்தில் எழுதினோம்? நமக்கு நேர்ந்ததற்கு ஒரு நியாயமும் எத்தியோப்பியருக்கு நேர்ந்ததற்கு வேறு நியாயமும் கிடையாது.

எழுந்த மனசாட்சி என்ன கற்றது என்பதைக் காலமே சோதித்தது. 1988 ஜூனில் திக்ரேயின் ஹவுசென் ஊரில் சந்தை நாளன்று மெங்கிஸ்டுவின் விமானங்கள் குண்டு பொழிந்தன; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. லைவ் எய்ட் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊரின் பெயர் தெரியும்? 1991-இல் மெங்கிஸ்டு ஜிம்பாப்வேக்கு ஓடினார். அவரை ஓட்டியது கிளர்ச்சிப் படை. 2020 நவம்பரில் அதே திக்ரேயில் மறுபடி போர். இரண்டு ஆண்டுகள் பகுதியையே அடைத்து வைத்தார்கள். உணவு லாரிகள் எல்லையில் நின்றன. வங்கியும் தொலைபேசியும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. பட்டினி மறுபடியும் ஆயுதமானது. மனசாட்சி விழித்த தலைமுறை இப்போது ஆட்சியிலும் ஊடகங்களிலும் தலைமைப் பதவிகளில் இருந்தது. வறட்சி என்று சொல்ல வழியில்லாத பட்டினியை எப்படிப் பார்ப்பது என்று அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. 2022 நவம்பரில் போர் ஓய்ந்தது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், நாற்பதாம் ஆண்டுக்காக அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டை மறுபடி கலவை செய்து வெளியிட்டார்கள்.

கடைசியாக வருவது, எல்லோரையும் வாயடைக்க வைக்கும் கேள்வி: அப்படியென்றால் அவர்களைச் சாகவிட்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்வியே ஒரு பொறி. கொடுப்பது, பேசாமலிருப்பது இரண்டும் ஒட்டிப்பிறந்தவை என்றும், பேசினால் கொடுக்க முடியாது என்றும் அது நம்மை நம்பவைக்கிறது. வேறு வழி அன்றைக்கே இருந்தது. சூடான் எல்லையிலிருந்து இரவில் விளக்கணைத்த லாரிகளில், கிளர்ச்சிப் பகுதிகளுக்குத் திக்ரே, எரித்திரிய நிவாரண அமைப்புகள் உணவு கொண்டுபோயின. பேண்ட் எய்டுமே அந்த வழிக்கும் பணம் தந்தது. பாராட்டுகிறேன். ஆனால் அந்த லாரிகள் ஏன் இரவில் ஓடின, ஏன் விளக்கை அணைத்தன என்பதை 16 மணி நேரத்தில் சொல்ல நேரமில்லாமல் போயிற்றா? மேலே பறந்த அரசின் மிக் போர்விமானங்களுக்குப் பயந்து என்ற ஒரே வாக்கியம் போதுமே. அந்த ஒரு வாக்கியம், மழைக் கதை முழுவதையும் உடைத்துப் போட்டிருக்கும்.

பேசினால் இழப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் யாருக்கு? எல்லைகளற்ற மருத்துவர்களுக்கு அங்கே நோயாளிகள் இருந்தார்கள், முகாம்கள் இருந்தன. பேசினால் எல்லாம் போகும் என்று தெரிந்தே பேசினார்கள், போயிற்று. வெம்ப்ளியில் நின்றவர்களை எந்த மெங்கிஸ்டுவாலும் நாடுகடத்த முடியாது. அவர்களுக்கு இழக்க எதுவுமில்லை. கோடிக்கணக்கான காதுகள் திறந்திருந்தன.

லண்டன் கச்சேரி முடியும் தறுவாயில் பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து பாடத் தொடங்கியபோது மைக் வேலை செய்யவில்லை. இரண்டு நிமிடம்போல அவர் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அந்த நாளின் பெரிய அசம்பாவிதம் என்று இன்றுவரை எல்லா நினைவுக் கட்டுரைகளும் அதைத்தான் சொல்கின்றன. என்னைக் கேட்டால், நாள் முழுவதும் பழுதில்லாமல் வேலை செய்த மற்ற மைக்குகளைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும்.